குடக்கூலியும் வாசற்படியும்

வீட்டை வாடகைக்கு விட்ட சொந்தக்காரர் அவ்வீட்டினுள் எப்பொழுது நுழையலாம்? கேட்பதற்கு இஃது எளிய கேள்வி. ஆயினும் இதற்குத் தெளிவானதொரு விடை நம் சட்டங்களில் இடம்பெறுவதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் பிடித்தன. முற்பகுதியில் வீட்டுக்காரரும் பிற்பகுதியில் குடியிருப்போருமாக ஒரே கூரையின் கீழ் வாழும் வீடுகள் சித்தூரிலும் திருப்பதியிலும் மிகுதி. தமிழர் ‘குடக்கூலி’ என்பதை அங்குள்ள தெலுங்கர் ‘அத்தெ’ என்பர். சொல் வேறாயினும் தொல்லை ஒன்றுதான். கிணற்றைப் பார்க்க வந்தேன், ஓட்டைப் பார்க்க வந்தேன் என்று வேளைகெட்ட வேளையில் உள்ளே வரும் சொந்தக்காரரை என் செய்வது என்று அறியாது தவித்த குடும்பங்கள் அந்நாளிலும் இருந்தன, இந்நாளிலும் இருக்கின்றன. அவர்களுக்குச் சட்டம் படிப்படியாக அளித்த காப்பு யாது, அளிக்கத் தவறியது யாது என்பதைச் சித்தூர்ச் சீமையின் வரலாற்றை ஒட்டிக் காண்போம்.

இன்று நாம் சித்தூர் மாவட்டம் என்று அறிவது 1911-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் உருவாயிற்று. அதற்கு முன் சித்தூர் நகரம் வட ஆர்க்காட்டு மாவட்டத்தின் தலைநகராக விளங்கியது. புதிய மாவட்டத்தில் வட ஆர்க்காட்டின் பகுதிகளோடு கடப்பை மாவட்டத்தைச் சேர்ந்த மதனப்பள்ளி முதலிய பகுதிகளும் இணைந்தன. காளத்தி, கார்வேட்டிநகரம், புங்கனூர் போன்ற ஜமீன்கள் இப்பகுதியில் பரந்து கிடந்தன. ஆகவே இங்கு வாழ்ந்த மக்களில் பெரும்பாலோர்க்கு ‘நிலத்துக்கு உடையவர்’ என்ற சொல் முதலில் நினைவூட்டியது ஜமீன்தாரைத்தான். நகரத்து வீட்டுக்காரர் பின்னர் வந்தவர். ஜமீன்தாரின் ஆள் குடியானவன் வீட்டுப்படியை மிதித்ததே இவ்வரலாற்றின் தொடக்கம்.

1802-ஆம் ஆண்டில் கும்பினி அரசு நிலையான நிலவரித் திட்டத்தைச் சென்னை மாகாணத்தின் பல பகுதிகளில் நிறுவியது. ஆண்டுதோறும் மாறாத பேஷ்குஷ் தொகையை அரசுக்குச் செலுத்தும் பொறுப்பு ஜமீன்தாருடையது. குடிகளிடமிருந்து வாரத்தைத் தண்டிக்கொள்ளும் உரிமையும் அவருடையது. அந்த உரிமையோடு, வாரம் செலுத்தாதவனுடைய பொருள்களை ஜப்தி செய்யும் அதிகாரமும் அவருக்குக் கிடைத்தது. கடன் கொடுத்தவன் நீதிமன்றத்தை நாட வேண்டும். ஜமீன்தாரோ முதலில் பொருளைக் கைப்பற்றலாம். இந்த வேறுபாடே குடியானவனின் வாழ்வை நடுங்க வைத்தது. நெல் களத்தில் இருக்கும்போதோ, மாடு தொழுவத்தில் கட்டியிருக்கும்போதோ ஜமீன் சேவகன் வந்து நின்றால் குடியானவனின் ஆண்டு முழுவதன் உழைப்பும் அந்த ஒரு நாளில் ஊசலாடியது.

இந்த அதிகாரத்துக்கு மெல்ல மெல்ல எல்லைகள் வகுக்கப்பட்டன. 1865-ஆம் ஆண்டின் 8-ஆம் சட்டம் ஓர் இன்றியமையாத நிபந்தனையை விதித்தது. குடிக்குப் பட்டா கொடுத்து அவனிடமிருந்து முச்சலிக்கை பெற்றிருந்தாலன்றி, அல்லது பட்டாவைக் கொடுக்க முன்வந்திருந்தாலன்றி, ஜமீன்தார் அச்சட்டத்தின்படி நடவடிக்கை எடுத்தல் இயலாது. எழுத்தில் உடன்பாடு இல்லையேல் ஜப்தியும் இல்லை என்ற இக்கருத்தை நினைவிற் கொள்ள வேண்டும். நம் காலத்துச் சட்டங்களிலும் இது வேறு உருவில் திரும்ப வருவதைக் காண்போம்.

அதற்கு ஓராண்டு முன், அரசுக்குரிய வரிப்பாக்கியைத் தண்டுவதற்காக 1864-ஆம் ஆண்டில் வருவாய் வசூல் சட்டம் பிறந்தது. ஜப்தி செய்ய வரும் அதிகாரி எவ்வெவ்விடத்தில் நுழையலாம் என்பதை அச்சட்டம் நுணுக்கமாக வரையறுத்தது. ஜப்தி சூரியோதயத்துக்குப் பின்னும் அத்தமனத்துக்கு முன்னுமே நடைபெற வேண்டும். தொழுவத்தையும் களஞ்சியத்தையும் திறக்கச் செய்யலாம். குடியிருக்கும் வீடாயின், வெளிக்கதவு திறந்திருந்தாலன்றி உள்ளே புகலாகாது. பெண்கள் வாழும் அறைக்குத் தனிப் பாதுகாப்பு உண்டு. வெளிக்கதவைப் பற்றிய இவ்விதி இங்கிலாந்திலிருந்து வந்தது. கடனுக்காக வரும் அரசு ஊழியன் ஒருவனுடைய வீட்டு வெளிக்கதவை உடைத்தலாகாது என்னும் நெறியை 1604-இலேயே அந்நாட்டு நீதிமன்றம் ஒரு வழக்கில் நிலைநாட்டியிருந்தது. அந்நெறி கடல் கடந்து வந்து நம் குடியானவனின் வாசற்படியில் அமர்ந்தது. திறந்த கதவு வழியே சேவகன் வந்துவிட்டால் அது காவாது என்பது உண்மையே. ஆயினும், உரிமை உடையவனுக்கும் நுழைவதற்கு ஒரு நேரமும் ஒரு முறையும் உண்டு என்ற எண்ணம் அப்பொழுதே சட்டத்தில் வேரூன்றிவிட்டது.

1908-ஆம் ஆண்டின் சென்னை எஸ்டேட் நிலச் சட்டம் ஜமீன் குடிகளுக்கு நிலையான அனுபோக உரிமையை அளித்தது. சட்டம் கூறும் காரணமின்றி அவர்களை நிலத்தினின்று வெளியேற்ற முடியாது என்ற நிலை ஏற்பட்டது. நாடு விடுதலை பெற்றபின், 1948-ஆம் ஆண்டின் 26-ஆம் சட்டம் ஜமீன் முறையையே ஒழித்து, அந்நிலங்களை ரயத்துவாரி நிலங்களாக மாற்ற வழிசெய்தது. வயலைப் பொறுத்தவரையில் நூற்றைம்பது ஆண்டுப் போராட்டம் இவ்வாறு ஒரு முடிவுக்கு வந்தது.

நகரத்தில் வாடகைக்கு இருந்தோரின் கதை வேறு வழியில் நடந்தது. அவர்களுக்கு எஸ்டேட் நிலச் சட்டம் உதவவில்லை. அவர்களுக்குரியது 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம். அதன் 108-ஆம் பிரிவு குத்தகைக்கு விட்டவரின் கடமைகளையும் எடுத்தவரின் கடமைகளையும் வரிசையாக எண்ணிச் சொல்கிறது. அவற்றுள் இரண்டு நமக்கு வேண்டியவை. முதலாவது: வாடகையைச் செலுத்தி உடன்பாட்டின்படி ஒழுகுபவர், குத்தகைக் காலம் முடியும்வரை அச்சொத்தை இடையூறின்றி அனுபவிக்கலாம் என்று சொந்தக்காரர் வாக்களித்ததாகவே கொள்ளப்படும். வாயால் சொல்லாவிடினும் சட்டம் அவர் சார்பில் அந்த வாக்கைக் கொடுத்துவிடுகிறது. இரண்டாவது: தக்க நேரங்களிலெல்லாம் சொந்தக்காரரோ அவர் ஆளோ உள்ளே வந்து சொத்தின் நிலையைப் பார்வையிடவும், பழுது இருப்பின் அதைச் சுட்டிக்காட்டவும் குடியிருப்பவர் இடங்கொடுக்க வேண்டும்.

சட்ட வாசகங்களைத் தமிழாக்கும் பணியில் இருப்போர்க்கு ‘தக்க நேரம்’ போன்ற தொடர்கள் பெருந்தொல்லை தருவன. யாருக்குத் தக்க நேரம்? வீட்டுக்காரருக்கா, உள்ளே உலை வைத்துக்கொண்டிருக்கும் பெண்மணிக்கா? முன்னறிவிப்பு வேண்டுமா? எத்தனை முறை வரலாம்? 1882-ஆம் ஆண்டின் சட்டம் இவற்றுக்கு விடை கூறவில்லை. மேலும், வேறு உடன்பாடோ ஊர்வழக்கோ இல்லாதபோதே அப்பிரிவு செல்லும். கிணறும் முற்றமும் பொதுவாக உள்ள வீட்டில், ‘இங்கு இதுதான் வழக்கம்’ என்று சொந்தக்காரர் கூறிவிட்டால் மறுப்பது எளிதன்று.

இதனினும் பெரிய குறை ஒன்று அச்சட்டத்தில் இருந்தது. மாத வாடகைக்கு இருப்பவரைப் பதினைந்து நாள் நோட்டீசில் வெளியேறச் சொல்லலாம் என்று 106-ஆம் பிரிவு கூறிற்று. இடையூறின்றி வாழும் உரிமை உனக்கு உண்டு என்று ஒரு பிரிவு சொல்ல, அந்த உரிமையைப் பற்றி வாய் திறந்தவனைப் பதினைந்து நாளில் தெருவில் நிறுத்தும் வழியை மற்றொரு பிரிவு கொடுத்தது. அமைதியாக வாழும் உரிமை, வெளியேற்றத்தினின்று காப்பு இல்லாதவிடத்து வெறும் ஏட்டுச் சுரைக்காயே. இவ்வுண்மையை உணர்ந்தால்தான் பின்னர் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்களின் அருமை விளங்கும்.

அச்சட்டங்களைப் பெற்றெடுத்தது போர். முதல் உலகப் போரின்போது ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத் தொழிலாளர் குடும்பங்கள், வாடகை ஏற்றத்தை எதிர்த்து 1915-இல் வாடகை கொடுக்க மறுத்தன. அவ்வாண்டிலேயே பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வாடகையைக் கட்டுப்படுத்தியது. 1918-இல் பம்பாயிலும் அத்தகைய சட்டம் வந்தது. இரண்டாம் உலகப் போர் அதே நிலையைச் சென்னை மாகாணத்துக்குக் கொண்டுவந்தது. கட்டடப் பொருள்கள் கிடைக்கவில்லை. நகரங்களில் வீடுகள் போதவில்லை. 1942 ஏப்ரலில் ஜப்பானியர் தாக்குதல் அச்சத்தால் சென்னை நகர மக்கள் பெருந்திரளாக உள்நாட்டு ஊர்களுக்குப் பெயர்ந்தனர். அங்கும் வீட்டுக்குத் தட்டுப்பாடு தோன்றியது. இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் 1941-இல் பிறந்த வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை, போர் முடிந்தபின் 1946-ஆம் ஆண்டின் 15-ஆம் சட்டமாகவும், 1949-ஆம் ஆண்டின் 25-ஆம் சட்டமாகவும் உருப்பெற்றது. சித்தூர் மாவட்டம் அப்பொழுது சென்னை மாகாணத்தில் இருந்தமையால் அதன் நகரங்களும் இக்காப்பைப் பெற்றன.

1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிரிந்தது. 1956 நவம்பர் முதல் நாள் ஆந்திரப் பிரதேசம் உருவாயிற்று. எல்லையைப் பற்றித் தமிழருக்கும் தெலுங்கருக்கும் எழுந்த வழக்கைப் படாஸ்கர் ஆராய்ந்து பரிந்துரை அளித்தார். அதன்மேல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்தோடும், சத்தியவேடு ஆந்திரப் பிரதேசத்தோடும் சேர்ந்தன. திருப்பதியும் சித்தூரும் ஆந்திரத்திலேயே நின்றன.

எல்லை மாறிய அதே 1960-ஆம் ஆண்டில் இரு மாநிலங்களும் தத்தமக்குப் புதிய வாடகைச் சட்டங்களை இயற்றிக்கொண்டன. சென்னையின் சட்டம் அவ்வாண்டின் 18-ஆம் சட்டம். ஆந்திரத்தின் சட்டம் 15-ஆம் சட்டம். ஒரே 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த உடன்பிறப்புகளாதலால் இரண்டின் உறுப்புகளும் பெரிதும் ஒத்திருந்தன. ஆந்திரச் சட்டம் தன் பெயரிலேயே ‘வெளியேற்றம்’ என்ற சொல்லையும் சேர்த்துக்கொண்டது. இரண்டிலும் 10-ஆம் பிரிவே உயிர்நிலை. வாடகையை வேண்டுமென்றே செலுத்தாமை, உடன்பாடின்றி உள்வாடகைக்கு விடுதல், கட்டடத்துக்குச் சேதம் விளைத்தல், அண்டை அயலார்க்குத் தொல்லையாயிருத்தல், சொந்தக்காரருக்கே வீடு தேவைப்படுதல் முதலிய காரணங்களை வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரியின் முன் மெய்ப்பித்தாலன்றிக் குடியிருப்பவரை வெளியேற்ற முடியாது. பதினைந்து நாள் நோட்டீசின் அச்சம் இவ்வாறு நீங்கியது.

அச்சம் நீங்கிய இடத்தில் வேறொரு தொல்லை முளைத்தது. நேர்வழியில் வெளியேற்ற முடியாத சொந்தக்காரர்களுள் சிலர், குடியிருப்பவர் தாமாகவே ஓடிவிடும்படி செய்யும் வழிகளை நாடினர். வாடகையை வாங்க மறுத்துவிட்டுப் பின்னர்ப் ‘பாக்கி’ என்று வழக்குத் தொடுப்பது ஒரு வழி. கிணற்றுக்குச் செல்லும் நடையைப் பூட்டுவதும், குழாயை அடைப்பதும், மின் விளக்கைத் துண்டிப்பதும் மற்றொரு வழி. இவற்றை எதிர்பார்த்தே சட்டம் மாற்று வகுத்திருந்தது. வாடகை செலுத்துவோர் ரசீது கேட்டுப் பெறலாம். சொந்தக்காரர் வாங்க மறுப்பின், எந்த வங்கியில் செலுத்துவது என்று அவரை எழுத்து மூலம் கேட்கலாம், மணியார்டரில் அனுப்பலாம், அதையும் மறுத்தால் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் கட்டிவிடலாம். தண்ணீர், விளக்கு, நடைவழி, படிக்கட்டு, கழிவறை போன்ற வசதிகளைத் தக்க காரணமின்றி நிறுத்தினால், அவற்றை மீட்டுத் தருமாறு அதே அதிகாரியிடம் முறையிடலாம்.

வீட்டினுள் வேளையின்றி நுழையும் சொந்தக்காரரைப் பற்றி அச்சட்டங்கள் தனியே விதி வகுக்கவில்லை என்பது கருதத்தக்கது. வாடகைக்கு அளவு கூறினர். வெளியேற்றத்துக்குக் காரணம் கூறினர். தண்ணீருக்கும் விளக்குக்கும் காப்பளித்தனர். வாசற்படியை மட்டும் 1882-ஆம் ஆண்டின் ‘தக்க நேரம்’ என்ற பழந்தொடரிடமே விட்டுவிட்டனர். பொதுச் சட்டத்தில் சில மருந்துகள் இருந்தன. இடையூறு செய்வதைத் தடுக்க உரிமையியல் நீதிமன்றத்தில் தடையாணை கேட்கலாம். ஒருவரைச் சட்ட முறையின்றி வெளியே தள்ளிப் பூட்டினால், சொத்து யாருடையது என்ற கேள்விக்குள் புகாமலே ஆறு மாதத்துக்குள் வழக்கிட்டு அனுபோகத்தை மீட்கலாம் என்று 1963-ஆம் ஆண்டின் தனிவகைத் தீர்வுச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு கூறுகிறது. 1877-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இவ்விதி இருந்தது. நிலையான அனுபோகத்தில் இருப்பவரைச் சட்ட வழியாலன்றி வெளியேற்றுதல் தகாது என்பதை உச்ச நீதிமன்றம் 1989-இல் மீண்டும் வலியுறுத்தியது. பிறர் அனுபோகத்தில் உள்ள இடத்தில் அவரை அச்சுறுத்தவோ இழிவுபடுத்தவோ எண்ணி நுழைவது குற்றம் என்று இந்தியத் தண்டனைச் சட்டம் கூறிற்று. 2024 ஜூலை முதல் நாள் அதன் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் அவ்வாறே கூறுகிறது. ‘என் வீட்டுக்குள் நான் போகிறேன்’ என்ற வாதம் இங்குச் செல்லாது. குற்றத்துக்கு அளவுகோல் அனுபோகமே. ஆயினும் அடுத்த அறையில் வாழும் வீட்டுக்காரர்மேல் வழக்குத் தொடுத்துவிட்டு அதே கிணற்றில் நீர் இறைப்பது எத்தனை குடும்பங்களுக்கு இயலும்?

ஆந்திரச் சட்டத்தில் மற்றொரு வாயிலும் திறந்தே கிடந்தது. 1957 ஆகஸ்டு 26-ஆம் நாளும் அதற்குப் பின்னும் கட்டிய கட்டடங்களுக்கு அச்சட்டம் செல்லாது என்று 32-ஆம் பிரிவு விலக்களித்தது. புதிய வீடுகள் பெருக வேண்டும் என்பதே நோக்கம். இதன் விளைவைத் திருப்பதியில் எண்ணிப் பாருங்கள். 1954-இல் அங்குத் திருவேங்கடவன் பெயரால் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. மாணவரும் ஆசிரியரும் வந்து குவிந்தனர். மலையேறும் அடியார் கூட்டமும் ஆண்டுக்கு ஆண்டு பெருகியது. புதிய தெருக்கள் எழுந்தன. பழைய தெருவில் ஓட்டு வீட்டில் குடியிருந்தவருக்குச் சட்டத்தின் காப்பு முழுமையாக இருக்க, புதிய தெருவில் மாடி வீட்டில் குடியிருந்தவர் 1882-ஆம் ஆண்டிலேயே நின்றார்! இந்நிலை கால் நூற்றாண்டு நீடித்தது. 1983-இல் உச்ச நீதிமன்றம் அந்த விலக்கைச் செல்லாததென்று தள்ளியது. தொடக்கத்தில் நியாயமாயிருந்த சலுகை காலங்கடந்தும் தொடர்ந்தால், சமத்துவத்தைக் கூறும் அரசியலமைப்பின் 14-ஆம் உறுப்புக்கு முரணாகிவிடும் என்பது தீர்ப்பின் கருத்து. தமிழ்நாட்டுச் சட்டத்திலோ, மாதம் 400 ரூபாய்க்கு மேல் வாடகையுள்ள குடியிருப்புகளுக்கு விலக்கு இருந்தது. 1986-இல் அதையும் அதே நீதிமன்றம் தள்ளியது.

சொந்தக்காரர் பக்கத்து நியாயத்தையும் மறைத்தலாகாது. 1946, 1949-ஆம் ஆண்டுச் சட்டங்கள் நியாய வாடகையைக் கணக்கிட, 1940 ஏப்ரலுக்கு முந்திய ஓராண்டில் நிலவிய வாடகையை அடிப்படையாகக் கொண்டன. விலைவாசி ஏறியபின்னும் வாடகை ஏறாத வீடுகள் இருந்தன. ஒரு வீட்டின் வாடகையையே நம்பி வாழ்ந்த கைம்பெண்களும் ஓய்வுபெற்ற முதியோரும் சொந்தக்காரருள் அடங்குவர். வழக்கு மன்றத்தில் ஆண்டுகள் கழிந்தன. பழுதுபார்க்கப் பணமின்றி வீடுகள் பாழாயின. சினங்கொண்ட சொந்தக்காரரின் நுழைவுக்கு அஃது ஒரு காரணமாயிற்று, நியாயமாக மாட்டாது.

இப்பொழுது காற்று மறுபடியும் திசை மாறியுள்ளது. தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டின் புதிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22-இல் நடைமுறைக்கு வந்து 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கியது. ஒன்றிய அமைச்சரவை 2021 ஜூன் 2-இல் மாதிரி வாடகைச் சட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் அளித்தது. மாதிரி என்பது மாநிலங்களுக்குக் காட்டும் வழியே. மாநிலம் ஏற்று இயற்றினாலன்றி அது எவரையும் கட்டாது. அதன்படி உடன்பாடு எழுத்தில் இருக்க வேண்டும். 1865-இல் பட்டாவும் முச்சலிக்கையும் பெற்ற இடத்தை இன்று இவ்வுடன்பாடு பெறுகிறது. குடியிருப்பு வீட்டுக்கு முன்பணம் இரண்டு மாத வாடகையை மீறலாகாது. நுழைவைப் பற்றியும் இறுதியில் தெளிவான விதி வந்துவிட்டது. உள்ளே வர விரும்பும் சொந்தக்காரர், காரணத்தையும் நாளையும் நேரத்தையும் குறித்து, குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் எழுத்திலோ மின்னணு வழியிலோ அறிவிக்க வேண்டும். சூரியோதயத்துக்கு முன்னும் அத்தமனத்துக்குப் பின்னும் நுழைதல் கூடாது. தீ, வெள்ளம், புயல், நிலநடுக்கம் போன்ற பேரிடர்கள் மட்டுமே விலக்கு. 1864-இல் வரிப்பாக்கிக்கு வந்த சேவகனுக்கு இட்ட கதிரவனின் எல்லை, 2021-இல் வீட்டுக்காரருக்கும் வந்து சேர்ந்துள்ளது.

ஆனால் புதிய முறை ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் குறைத்தும் உள்ளது. வாடகை இருவரின் உடன்பாட்டுக்கே விடப்பட்டது. குறித்த காலம் முடிந்தும் வெளியேறாதவர், மாதிரிச் சட்டத்தின்படி முதல் இரண்டு மாதங்களுக்கு இருமடங்கும் அதன்பின் நான்கு மடங்கும் வாடகை செலுத்த நேரிடும். பதினொரு மாத உடன்பாடே பெருவழக்காக உள்ள நம் நகரங்களில், ‘முன்னறிவிப்பின்றி வராதீர்’ என்று கூறிய குடும்பத்துக்குப் பன்னிரண்டாம் மாதம் வீடு கிடைக்குமா? பதினைந்து நாள் நோட்டீசு இருந்த காலத்தில் நின்ற கேள்வி இன்று சற்றே தள்ளி நிற்கிறது. தங்கும் உறுதியின்றித் தனிமையின் உரிமை வலுப்பெறாது என்பதே இவ்வரலாறு கற்பிக்கும் பாடம்.

ஆதலின் குடியிருப்போர் சிலவற்றைக் கைக்கொள்ளுதல் நன்று. உடன்பாட்டை எழுத்தில் பெறுங்கள். கிணறு, குழாய், நடை, மாடிப்படி ஆகியவற்றில் யாருக்கு எவ்வுரிமை என்பதையும், பார்வையிட வரும் முறையையும் அதிலேயே குறித்துவிடுங்கள். வாடகையை வங்கி வழியாகவோ ரசீது பெற்றோ செலுத்துங்கள். பழுதுபார்க்க வருவோரைத் தடுக்காதீர்கள். அது நெடுநாளாகச் சொந்தக்காரருக்கு உள்ள உரிமை. வேளையற்ற நுழைவை முதன்முறையே பணிவான கடிதத்தால் சுட்டிக்காட்டி, அதன் படியை வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரரும் ஒன்றை நினைவிற் கொள்வாராக: சுவரும் கூரையும் அவருடையவையே, ஆனால் வாடகை பெற்ற மாதத்துக்கு அந்த வாசற்படி குடியிருப்பவருடையது.